சூடோ டீயும் கைமாத்துக் கணக்கும்

போன வாரம் லேப்டாப் மாற்றினேன். பழையதிலிருந்து எதையெல்லாம் புதியதற்குக் கொண்டுபோவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தேன். 41 வரிகள் இருந்தன. அவற்றில் எதற்காக எழுதினேன் என்று என்னால் சொல்ல முடிந்தவை 12. மீதி 29 வரிகளையும் நான்தான் எழுதியிருக்கிறேன். அந்தக் கணினியை வேறு யாரும் தொட்டதில்லை. ஆனாலும் யாரோ வீட்டு மளிகைச் சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து வருடமாக வெப்சைட் செய்துகொடுத்துப் பிழைப்பவன் நான். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை, இரண்டு திரை, டெர்மினலில் கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. பார்ப்பவர்களுக்குப் பெரிய வித்தைக்காரன் மாதிரி தெரியும். அந்த வித்தைக்காரன் 41 வரி உள்ள ஒரு கோப்பை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாமல் பட்ட பாடுகள்தான் இவை.

ஹோஸ்ட்ஸ் கோப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பிரவுசரில் தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். கணினிக்குப் பெயரை வைத்துக்கொண்டு எங்கும் போகத் தெரியாது. அதற்கு ஐபி முகவரி என்கிற எண் வேண்டும். இந்தப் பெயருக்கு இந்த எண் என்று சொல்லும் பெரிய டைரக்டரிதான் டிஎன்எஸ். ஹோஸ்ட்ஸ் கோப்பு என்பது நம் வீட்டுத் தினசரி காலண்டரின் ஓரத்தில் பேனாவால் கிறுக்கிவைத்த நம்பர் மாதிரி. லினக்ஸிலும் மேக்கிலும் அது ஈடிசி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். விண்டோஸில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று மூன்று வாசல் தாண்டிப் போக வேண்டும். ஒரு வரிக்கு முதலில் எண், ஓர் இடைவெளி, பிறகு பெயர். வரியின் தொடக்கத்தில் # போட்டால் கணினி அந்த வரியைப் படிக்காது. இலக்கணம் இவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கிறுக்கலுக்கு ஒரு அதிகாரம் உண்டு. வழக்கமான ஏற்பாட்டில் கணினி முதலில் காலண்டர் ஓரத்தைப் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால்தான் டைரக்டரிக்குப் போகும். ஒரு பெயருக்கு உலகமே ஓர் எண்ணைச் சொன்னாலும், நீங்கள் இங்கே வேறு எண்ணை எழுதிவிட்டால் உங்கள் கணினிக்கு நீங்கள் சொன்னதே வேதம். அது உங்களை நம்புகிறது. என் கஷ்டமெல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான்.

முதல் அடி, இந்தக் கோப்பில் ஒரு வரி சேர்க்கப் போனபோதே விழுந்தது. எடிட்டரில் திறந்து எழுதிச் சேமித்திருந்தால் ஒரு நிமிட வேலை. அப்போது எனக்கு எல்லாவற்றையும் ஒரே வரிக் கட்டளையில் முடித்துவிட வேண்டும் என்ற திமிர். எக்கோ என்ற கட்டளையில் வரியைச் சொல்லி, >> போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், வரி கோப்பின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். கோப்பு ரூட் என்கிற நிர்வாகிக்குச் சொந்தம், ஆகவே அந்த அதிகாரத்தைக் கொடுக்கும் சூடோவை முன்னால் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். அனுமதி இல்லை என்றது. பாஸ்வேர்டு தப்போ என்று மறுபடி கொடுத்தேன். மறுபடியும் அனுமதி இல்லை. கணினியை ஆஃப் செய்து ஆன் செய்தேன். அது மட்டும் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். சூடோ கொடுத்த அதிகாரம் எக்கோவுக்கு மட்டும். >> என்பதைப் பார்த்துக் கோப்பைத் திறக்கப் போவது எக்கோ அல்ல, கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல். ஷெல்லோ இன்னும் சாதாரண ஆளாகிய நான்தான். தாசில்தாரைக் கையோடு கூட்டிவந்து வாயால் சொல்லவைத்துவிட்டு, பட்டாவில் பேனாவை வைத்தது நானே என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

அரை மணி நேரம் தேடிய பிறகு தீர்வு கிடைத்தது: டீ. ஆமாம், கட்டளையின் பெயரே டீ. குழாய் வேலைக்காரர்கள் ஒரு பைப்பை இரண்டாகப் பிரிக்கப் போடுவார்களே, அந்த டீ. வருகிற எழுத்தைத் திரைக்கும் அனுப்பும், கோப்புக்கும் அனுப்பும். கோப்பைத் திறப்பது டீயே என்பதால் அதன் முன்னால் சூடோ போட்டால் அதிகாரம் சரியான ஆளுக்குப் போய்ச் சேரும். எக்கோ சொல்வதைக் குழாய் வழியாக 'சூடோ டீ'யிடம் கொடுக்க வேண்டும். சூடோ டீ! தமிழனுக்காகவே செய்த கட்டளை என்று மகிழ்ந்துபோனேன். அந்த மகிழ்ச்சியில், டீக்குப் பிறகு -ஏ என்று போட வேண்டியதை விட்டுவிட்டேன். -ஏ போட்டால் கோப்பின் அடியில் சேர்க்கும். போடாவிட்டால் இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதும்.

துடைத்துவிட்டு எழுதியது. கோப்பில் ஒரே ஒரு வரி, நான் அப்போது எழுதிய வரி. 127.0.0.1 என்பது லோக்கல்ஹோஸ்ட் என்ற ஆதி வரி போய்விட்டது. கணினியின் சொந்தப் பெயரை 127.0.1.1 என்று என் உபுண்டு லினக்ஸ் எழுதிவைத்திருந்த வரியும் போய்விட்டது. அதன்பிறகு எப்போது சூடோ என்று தட்டினாலும், இந்த ஹோஸ்ட் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு முனகல், கொஞ்ச நேரம் யோசனை, அப்புறம்தான் வேலை. தன் பெயரையே தேடிக்கொண்டிருந்தது கணினி. 127 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் ஒரு கணினி தன்னையே கூப்பிட்டுக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்டவை. எண்ணிப் பார்த்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் வரும். அத்தனை இருந்தும் என் கணினியால் தன்னைக் கூப்பிட முடியாமல் செய்தவன் நான்.

இரண்டாவது, சோதித்துப் பார்க்கிறேன் என்று நான் அடித்த கூத்து. வரியைச் சரியாக எழுதிவிட்டேன். வேலை செய்கிறதா என்று பார்க்க டிக் கட்டளையைப் போட்டேன். அது பழைய எண்ணையே காட்டியது. கோப்பைத் திறந்து பார்த்தேன், எழுத்துப் பிழை இல்லை. இடைவெளியை எடுத்து டேப் போட்டேன். டேப்பை எடுத்து இடைவெளி போட்டேன். என்எஸ்லுக்அப் போட்டேன், அதுவும் பழைய எண். இரண்டு மணி நேரம். டிக்கும் என்எஸ்லுக்அப்பும் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்பவை. ஹோஸ்ட்ஸ் கோப்பு பக்கமே திரும்பாதவை. காலண்டர் ஓரத்தில் எழுதியதைப் பார்க்க வேண்டுமென்றால் 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' என்று போட்டுப் பெயரைக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருக்கும் ஆளைக் கேட்காமல் டெலிபோன் ஆபீஸில் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். முதல் தடவை எழுதிய வரியே சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது, சேர்க்கக் கற்றவன் நீக்கக் கற்றது. ஷாப் என்று ஒரு பழைய வேலை முடிந்திருந்தது. ஸெட் என்ற கட்டளையைக் கொண்டு, ஷாப் என்ற சொல் வரும் வரிகளை நீக்கச் சொன்னேன். நீக்கியது. ஒர்க்‌ஷாப் என்ற பெயரில் நடந்துகொண்டிருந்த இன்னொரு வாடிக்கையாளரின் வரியும் சேர்ந்து போனது, ஒர்க்‌ஷாப்புக்குள்ளும் ஷாப் இருக்கிறதே. அதைவிட, 'ஷாப் வேலை பாக்கி இருக்கிறது, கீழே உள்ள வரிகளைத் தொடாதே' என்று எனக்கு நானே # போட்டு எழுதிவைத்த எச்சரிக்கையும் போனது. அதிலும் ஷாப் இருந்தது. -ஐ என்பதோடு .பேக் என்று ஒட்டிக் கொடுத்திருந்தால் ஸெட் பழைய கோப்பின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கும். நகல் எடுப்பவன் கோழை என்று நினைத்த வயது அது.

அதற்குப் பரிகாரமாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கணினி தொடங்கும்போதெல்லாம் வேண்டிய வரிகளை அதுவே கோப்பில் சேர்த்துவிடும். ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர் என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒரே வரி நூறு தடவைக்கு மேல். அந்த எண்ணை மாற்ற வேண்டி வந்தபோது புதிய வரியை அடியில் சேர்த்தேன். கணினி மேலேயிருந்து படித்துக்கொண்டு வந்து முதலில் கண்ட பழைய வரியோடு நின்றுவிட்டது. ராம நாமத்தை நூறு தடவை எழுதினால் புண்ணியமாவது கிடைக்கும்.

நான்காவது 2017 டிசம்பரில். என் கணினியில் செய்து பார்க்கும் தளங்களுக்கெல்லாம் .டெவ் என்று வால் வைத்துப் பெயரிட்டு ஹோஸ்ட்ஸில் எழுதிவைத்திருந்தேன். டெவலப்மென்ட்டின் சுருக்கம், அழகாக இருந்தது. ஒரு நாள் காலையில் குரோம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அதன்பிறகு ஒரு தளமும் திறக்கவில்லை. அபாச்சி என்ற வெப் சர்வரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். .டெவ் என்பது கூகுள் தன் பேரில் வாங்கிவைத்திருந்த வால் என்பதும், குரோம் 63-லிருந்து அந்த வால் கொண்ட எல்லாப் பெயர்களும் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் திறக்கும் என்று ஆக்கிவிட்டார்கள் என்பதும் மாலையில்தான் தெரிந்தது. என் தளங்களில் அது கிடையாது. இந்த மாதிரி வேலைக்கென்றே .டெஸ்ட் என்ற வாலை இணையத்தின் நியமக் குறிப்பு (ஆர்எஃப்சி) 2606 ஒதுக்கிவைத்தது 1999-ல். நான் குடியேறியது அடுத்தவர் மனையில். எனக்கென்று விட்டிருந்த புறம்போக்கு 18 வருடமாகக் காலியாகக் கிடந்திருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் அடிபட்டது நான் மட்டும். இனி வருவன அப்படியல்ல.

ஒரு ஐபிஎல் சமயம். வேலை நேரத்தில் ஸ்கோர் பார்த்துப் பார்த்து வேலை ஓடவில்லை. சபதம் எடுத்துக்கொண்டு, ஸ்கோர் போடும் தளத்தின் பெயருக்கு, எங்கும் போய்ச் சேராத 0.0.0.0 என்ற எண்ணை ஹோஸ்ட்ஸில் எழுதினேன். இந்தக் கோப்பில் நட்சத்திரக் குறி போட்டு ஒரு குடும்பத்தையே அடைக்க முடியாது. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதினேன். சபதம் ஒரு வாரத்தில் போனில் ஸ்கோர் பார்ப்பதில் முடிந்தது. வரிகள் அப்படியே இருந்தன. அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் அந்தத் தளத்தைத் திறந்தால் வரவில்லை. நெட் கொடுக்கும் கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டு, மாதம் தவறாமல் பணம் வாங்கத் தெரிகிறதே என்று ஆரம்பித்தேன். பாவம், மத்தியான வெயிலில் வந்தான். தன் போனை என் வைஃபையில் சேர்த்துத் திறந்து காட்டினான். ஸ்கோர் வந்தது.

"சார், உங்க சிஸ்டத்துலதான் ஏதோ இருக்கு."

"சிஸ்டம்தான் தம்பி என் தொழில். எனக்குத் தெரியாதா?"

அவன் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனான். அவன் போய்ப் பத்து நிமிடம் கழித்து எனக்கு ஞாபகம் வந்தது. போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைசியாக அண்ணாச்சி கதை. பாத்திரக்கடை வைத்திருக்கிறார், அவர் கடைத் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு தீபாவளிக்கு முன் அதைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றினேன். புதிய படங்கள், புதிய விலைப்பட்டியல். இப்படி மாற்றும்போது ஊருக்குத் திறந்துவிடும் முன் நாம் மட்டும் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. தளத்தின் பெயருக்குப் புதிய சர்வரின் எண்ணை நம் ஹோஸ்ட்ஸில் எழுதினால், நம் கணினிக்கு மட்டும் புதிய கடை தெரியும். ஊருக்குப் பழைய கடையே தெரியும். எல்லாம் சரியென்றால் டிஎன்எஸ்ஸில் பெயருக்கு எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டு, ஹோஸ்ட்ஸில் எழுதிய வரியை எடுத்துவிட வேண்டும்.

நான் எழுதினேன். பார்த்தேன். கடை ஜொலித்தது. அந்த ஜொலிப்பிலேயே வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டேன். ஏ ரெக்கார்டை மாற்றவில்லை.

"அண்ணாச்சி, புதுக் கடை திறந்தாச்சு. பாருங்க."

"எனக்குப் பழைய கடைதான தம்பி தெரியுது."

"அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கேஷை கிளியர் பண்ணுங்க."

"கேஷா? அதை நேத்தே பேங்க்ல கட்டிட்டனே."

சிரித்தேன். பிரவுசர் கேஷ் வேறு என்று விளக்கினேன். அழித்தார். பழைய கடைதான். டிஎன்எஸ் ஊரெல்லாம் பரவ இரண்டு நாள் ஆகும் என்றேன். எங்கள் தொழிலில் இது பெரிய மறைவிடம். உண்மையிலேயே பழைய பதிலைச் சில சர்வர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும் என்பதால் யாரும் மறுத்துப் பேச முடியாது. இரண்டு நாள் போனது. "பரவிச்சா தம்பி?" என்று கேட்டார், காய்ச்சல் விசாரிப்பது மாதிரி. என் திரையைப் பார்த்தேன். புதுக் கடை மின்னியது. "எனக்கு நல்லா வருதே அண்ணாச்சி" என்றேன்.

மூன்றாம் நாள் அவர் மகள் பேசினாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற பெண். "அண்ணா, ஒரே ஒரு தடவை வைஃபையை ஆஃப் பண்ணிட்டு உங்க போன்ல பாருங்களேன்" என்றாள். பார்த்தேன். பழைய கடை. பழைய விலை. மூன்று நாளாக ஊர் முழுக்கப் பழைய கடை. இந்த ஒரு மாடி அறையில் மட்டும் புதுக் கடை. என் கணினியிடம் நானே ஒரு பொய்யைச் சொல்லிவைத்து, அது திருப்பிச் சொன்னதும் அதை உண்மை என்று ஊரோடு வாதாடியிருக்கிறேன்.

அந்த மூன்று நாளில் ஆறு பேர் பழைய விலையில் குக்கர் ஆர்டர் செய்திருந்தார்கள். "போட்ட விலை போட்டதுதான்" என்று அண்ணாச்சி அதே விலைக்குக் கொடுத்து அனுப்பினார். "டிஎன்எஸ் பரவ லேட்டாயிருச்சு அண்ணாச்சி" என்றேன். அன்று மட்டும் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

இந்தக் கோப்பின் முன்னோர் கதையைப் பிறகு படித்தபோதுதான் முழு வெட்கமும் வந்தது. இணையத்தின் தாயான ஆர்பாநெட்டில், ஆரம்பத்தில் ஒவ்வோர் இடமும் தனக்கென்று ஒரு பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டிருந்தது. ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும். இது அபத்தம், ஒரே பட்டியலாக ஆக்குங்கள் என்று 1973 டிசம்பரில் எல். பீட்டர் டாய்ச் ஆர்எஃப்சி குறிப்பு 606-ல் எழுதினார். அடுத்த மாதமே அதற்கு ஏற்பாடு வந்தது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான தகவல் மையம் ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்ற ஒரே கோப்பைப் பராமரித்தது. பெயர் சேர்க்க வேண்டியவர்கள் அங்கே சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். மற்ற கணினிகள் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ளும். கணினிகள் பெருகப் பெருக ஒரு கோப்பு தாங்காது என்றானது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்ததுதான் டிஎன்எஸ்.

ஒரு வலையமைப்பின் பெயர்களையெல்லாம் ஓர் அலுவலகம் ஒரே கோப்பில் வைத்துச் சமாளித்தது. நான் 41 வரியில் தோற்றேன். டாய்ச் 1973-ல் எதை அபத்தம் என்றாரோ, அதை இத்தனை வருடம் கழித்துப் பாளையங்கோட்டை மாடியில் தனியொருவனாக நடத்திக்கொண்டிருந்தேன்.

இதற்கெல்லாம் கருவி இல்லாமல் இல்லை. ஹோஸ்டஸ் என்று ஒரு கட்டளைவரிக் கருவி உண்டு. சேர், நீக்கு, இருக்கட்டும் ஆனால் அணைத்துவை, எல்லாவற்றையும் பட்டியலிடு என்று தனித்தனி ஏவல்கள். ஒன்றையே பத்து தடவை சேர்க்கச் சொன்னாலும் ஒரு வரிதான் இருக்கும். கோப்பில் எண் முன்னால், பெயர் பின்னால் என்று எழுதிப் பழகிய கைக்கு, இதில் பெயர் முன்னால், எண் பின்னால் என்பது மட்டும் கொஞ்ச நாள் தடுமாற்றம். இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஸெட்டும் டீயும் செய்த காயங்களுக்கு அது நல்ல மருந்து.

ஆனால் கேபிள்காரத் தம்பியையும் அண்ணாச்சியையும் அலையவிட்டது ஸெட்டும் டீயும் அல்ல. அந்த வரிகள் பிழையில்லாமல் எழுதப்பட்டவை. நாளைக்கு எடுத்துவிடலாம் என்று எழுதிய வரிகள். கைமாத்து மாதிரி. பத்து நாளில் தருகிறேன் என்று வாங்கிய ஐந்நூறு ரூபாயை வாங்கியவன்தான் முதலில் மறக்கிறான். எந்தக் கருவியும் அந்தக் கணக்கை எனக்காக ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஆகவே இப்போது ஒவ்வொரு வரிக்கும் மூன்று விஷயத்தைத் தனியே எழுதிவைக்கிறேன்: எழுதிய தேதி, எதற்காக, எப்போது எடுக்க வேண்டும். மாதத்தின் முதல் திங்களன்று கோப்பைத் திறந்து பார்க்கிறேன்.

41 வரிகளில் 4 மட்டும் புதிய லேப்டாப்புக்கு வந்தன. எடுத்துப்போட்டவற்றில் ஒன்று அண்ணாச்சி கடையின் வரி. இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்த சூட்டில் அவருக்குப் போன் செய்து, அன்றைக்கு டிஎன்எஸ் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்று சொன்னேன்.

"அதை அன்னைக்கே எம்பொண்ணு சொல்லிட்டாளே தம்பி" என்றார்.

ஆறு குக்கரின் விலை வித்தியாசத்தை இந்த மாதப் பில்லில் கழித்துவிட்டேன். கேபிள்காரத் தம்பிக்கு இன்னும் போன் செய்யவில்லை.